நெலிதா சொல்லாத சொல்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரம்மா நெலிதா ஒரு மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய் இந்து, உங்க பாஷையில அந்த வார்த்தைக்கு என்ன சொல்லுவீங்க?"

(இந்த ஊரில் இந்தியாக்காரன் யாராக இருந்தாலும் 'இந்து'தான். எனக்கு முன்னால் இதே அறையில் குடியிருந்த கோழிக்கோட்டு முகமதுவையும் நெலிதா அப்படித்தான் கூப்பிட்டாளாம். அவரும் "சொல்லுங்க" என்றுதான் இறங்கிப் போயிருக்கிறார்.)

"எந்த வார்த்தைக்கு?"

"அதான். கீழ பலகையில எழுதியிருக்கே."

அவள் மருமகளின் கடைப் பலகையில் எழுதியிருந்தது 'கிலோம்போ'. நான் யோசித்துவிட்டு, "களேபரம்னு சொல்லலாம்" என்றேன்.

"அப்படின்னா?"

"எல்லாம் கலைஞ்சு, சத்தமா, எது எங்க இருக்குன்னு தெரியாமக் கெடக்கறது."

"அது சரி. முன்னாடி என்ன அர்த்தம்?"

"முன்னாடின்னா?"

"எல்லா வார்த்தையும் முன்னாடி வேற ஒரு வேலை பாத்திருக்கும். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் அகராதியைத் திறந்து தேடினேன். களேபரம் என்றால் பழைய தமிழில் உடம்பு. பிறகு பிணம். பிணம் எப்படி அமளியாயிற்று என்று அகராதி சொல்லவில்லை. அமளியைத் தேடினேன். அமளி என்றால் படுக்கை. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"பொணம்னு அர்த்தமாம்," என்றேன்.

நெலிதா படிக்கட்டின் கைப்பிடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தாள். "பரவாயில்ல," என்றாள். "உங்க ஊர்ல செத்துப்போச்சு. எங்க ஊர்ல இன்னும் உசுரோட இருக்கு."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மேலே ஏறி வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை நெலிதா வாயால் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போதும் அவள் அதைச் சொல்லவில்லை. இந்த ஊரில் அது சாதாரண விஷயமல்ல. ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "எல்லைக்கோடு என்பது மனிதன் மண்ணின் மேல் போட்ட—"

வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

இரண்டாவது தொடக்கம்: ரிவேரா உருகுவாயில் இருக்கிறது. தெருவைக் கடந்தால் லிவ்ரமெண்டு, அது பிரேசில். நடுவே வேலி கிடையாது, ஒரு பூங்கா இருக்கிறது. நாய்கள் அந்தக் காலத்திலிருந்தே கடவுச்சீட்டு இல்லாமல் போய்வருகின்றன, மனிதர்களும் அப்படித்தான். ஊரைப் பற்றி இதற்குமேல் எழுதுவதாக இல்லை.

ரிவேராவில் கிலோம்போ என்றால் களேபரம். பிள்ளைகளின் அறை கலைந்து கிடந்தால் கிலோம்போ. தெருமுனையில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்து, எது பின்னால் போவது என்று டிரைவர்கள் பேச்சுவார்த்தை நடத்தினால் கிலோம்போ. முதல் மனைவியும் இரண்டாவது மனைவியும் ஒரே பிறந்தநாள் விருந்துக்கு வந்துவிட்டால் பெரிய கிலோம்போ. நாட்டின் நிதி நிலைமை கிலோம்போ; அதைத் திருத்திவிடுவதாகத் தொலைக்காட்சியில் பேசுகிறவரின் தலைமுடியும் கிலோம்போ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரே பிரசங்கத்தில் "இந்த உலகம் ஒரு கிலோ—" என்று ஆரம்பித்து, இருமி, "குழப்பம்" என்று முடித்தார். ஏன் இருமினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அதே சொல்லைப் பூங்காவைத் தாண்டிக் கொண்டுபோனால் கடைசி ஓ, உ-வாக இறங்கிவிடும். கிலோம்பு. அங்கே அது ஓர் ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பண்ணைகளிலிருந்து தப்பி ஓடி, மேடுகளுக்கு அப்பால் ஒளிந்து, குடிசை கட்டி, சோளம் விதைத்து, பிடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்று வாழ்ந்த ஊர். அவர்களுடைய வாரிசுகள் இன்னும் அந்த நிலங்களில் இருக்கிறார்கள். சட்டமும் அந்த ஊர்களை அதே பெயரால்தான் கூப்பிடுகிறது. அங்கே யாராவது எழுந்து நின்று "நான் கிலோம்புக்காரி" என்று சொன்னால், சொல்லும்போதே முதுகு நிமிரும்.

இந்தப் பக்கம் களேபரம், அந்தப் பக்கம் ஊர். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருக்கிறது. அதை உடனே சொல்லப் போவதில்லை. நெலிதாவின் மகன் எபெரும் சொல்லவில்லை. கதை நடந்ததே அதனால்தான்.

3

எபெர் நெலிதாவின் ஒரே மகன். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அவன் மனைவி ஜுரேமா அந்தப் பக்கத்துக்காரி. லிவ்ரமெண்டிலிருந்து செம்மண் சாலையில் பஸ் பிடித்துப் போகவேண்டிய பிட்டாங்கா என்கிற கிலோம்பில் பிறந்தவள்.

[ஜுரேமாவை எப்படி வர்ணிப்பது? "கறுத்து, உயர்ந்து" என்று எழுதி அடித்தேன். "சிரித்தால்" என்று தொடங்கி அதையும் விட்டேன். அவளிடமே கேட்டேன். "பெரிய சட்டிய ஒத்தையாளாத் தூக்குவான்னு எழுது, போதும்" என்றாள். பெரிய சட்டியை ஒற்றையாளாகத் தூக்குவாள்.]

அவள் அம்மா ஒர்லாண்டா பிட்டாங்கா ஊர்ச் சங்கத்தின் தலைவி. பக்கத்துப் பண்ணைக்காரன் தன் வேலியை ஊர் நிலத்துக்குள் நகர்த்தியபோது, ஒரு கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தக் குழியிலேயே கால்விட்டு உட்கார்ந்துகொண்டவள். ஆட்கள் வந்து பேசினார்கள், மிரட்டினார்கள். அவள் அங்கேயே சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிட்டாள். கடைசியில் பிட்டாங்கா ஒரு கிலோம்புதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அன்றைக்கு ஊரே மாடு அடித்துக் கொண்டாடியது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஜுரேமா பேனாவால் தன் கையில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அவள் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தாள். எபெர் தன் பட்டறையைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்த முன்னறையை அவளுக்குக் கொடுத்தான். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக் கடை போடுவதென்று முடிவாயிற்று. பெயர் என்ன வைப்பது என்பதில் ஜுரேமாவுக்குச் சந்தேகமே இல்லை.

இந்தப் பக்கம் அதற்குக் களேபரம் என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. அதை அவள் சாதகமாகத்தான் பார்த்தாள்.

"சிரிச்சுக்கிட்டே உள்ள வரட்டும்," என்றாள் என்னிடம். "சாப்பிடட்டும். சாப்பிட்டுக்கிட்டே கேப்பாங்க, ஏன் இந்தப் பேருன்னு. நான் சொல்லுவேன். போகும்போது ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போவாங்க."

நல்ல திட்டம். இதில் ஓட்டை எங்கே என்று எபெருக்குத் தெரியும். கிலோம்போ என்ற சொல் ஊர் என்பதிலிருந்து நேராகக் களேபரத்துக்கு வந்துவிடவில்லை. வழியில் வேறு ஒரு வீட்டில் தங்கிவிட்டு வந்தது. இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் கிலோம்போ என்றால் விலைமாதர் வீடு. களேபரம் என்கிற அர்த்தமே அங்கேயிருந்து வந்ததுதான். சின்னப் பிள்ளைகள் இதை அறியாமல் சொல்கிறார்கள். கொஞ்சம் வயதான ஆண்களுக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதிரியார் இருமியதும் அதற்குத்தான்.

எபெரிடம் பிறகு கேட்டேன், ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று.

"எப்படிச் சொல்லுவேன்? அவ அம்மா குழிக்குள்ள உக்காந்தது அந்தப் பேருக்காக. நான் போயி, 'கண்ணு, எங்க ஊர்ல அதுக்கு இப்படி ஒரு அர்த்தம்'னு சொல்லணுமா?"

"சொல்லியிருக்கலாம்."

"அவளாவே தெரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

"எப்படி?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். "யாராவது சொல்லுவாங்கன்னு."

(எபெரைப் பற்றி எனக்கே சந்தேகம். ஒரு கதையில் கணவன் இவ்வளவு கோழையாக இருந்தால் வாசகர் நம்புவாரா? கொஞ்சம் தைரியத்தைச் சேர்த்து எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதியதும் கதையே நடக்காமல் போய்விட்டது. அதனால் எபெரை இருக்கிறபடியே விட்டிருக்கிறேன்.)

பலகை எழுதுகிறவர் வந்தார். "எழுத்து ஒன்னும் விட்டுப்போகலியே?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் ஜுரேமா.

"கீழ 'சாப்பாடு'ன்னு சேத்துக்கட்டுமா?"

"எதுக்கு? பாத்தாலே தெரியுமே."

அவர் எபெரைப் பார்த்தார். எபெர் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். அவரிடம் அன்றைக்கு மிச்சமிருந்தது சிவப்பு வண்ணம். சிவப்பிலேயே எழுதிவிட்டுப் போனார்.

பலகை ஏறிய அன்று நெலிதா தெருப்பக்கத்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து கொல்லை வழியாகத்தான் போய்வந்தாள். மரியாதையான பெண்மணி, கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ஜுரேமா வேறு மாதிரி நினைத்தாள். தன் ஊர்ப் பெயரைத் தன் மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள்.

4

முதல் வாடிக்கையாளர் இசபெலினோ. நெல் லாரி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். தலையை ஈரத்தோடு படிய வாரி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்க, உக்காருங்க," என்றாள் ஜுரேமா.

உட்கார்ந்தார். நாலு பக்கமும் பார்த்தார். "அமைதியா இருக்கே."

"இப்பதானே தொறந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டம் வரும்."

"கூட்டமா." அவர் யோசித்தார். "அப்ப நான் முன்னாடியே வந்தது நல்லதாப் போச்சு."

"என்ன வேணும்?"

"என்ன இருக்கு?"

"மாட்டுக்கால் குழம்பு இருக்கு. கறுப்பு பீன்ஸ், சோறு, கீரை."

"முதல்ல சாப்பாடா?"

"முதல்லயும் அதுதான்."

இது ஒரு புதுமாதிரி ஏற்பாடு என்று இசபெலினோ நினைத்திருக்க வேண்டும். சாப்பிட்டார். நன்றாக இருந்தது. ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம் பூசணி இனிப்பு."

அதையும் சாப்பிட்டார். "அப்பறம்?"

"காப்பி."

காப்பியைக் குடித்துக்கொண்டே, பொதுவாகப் பேசுகிறவரைப்போல, "ஒத்தையாளாவா நடத்தறீங்க?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ஒத்தையாதான். சனிக்கிழமை கூட்டமா இருக்கும்ல, அன்னிக்கு மட்டும் என் புருஷன் கூட இருப்பாரு."

இசபெலினோ கோப்பையைக் கீழே வைத்தார். "புருஷனா."

"ஆமா. எங்கம்மாவும் ஊர்லேருந்து உதவிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"அம்மாவுமா."

"அவங்க கைப்பக்குவமே தனி."

இசபெலினோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மகளே, தப்பா நெனச்சுக்காத. நான் வெளியில பலகையைப் பாத்துட்டு வந்தேன்."

"எல்லாரும் பலகையைப் பாத்துதானே வருவாங்க," என்றாள் ஜுரேமா.

அந்த நேரம் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு எபெர் வந்தான். ஈரமாக வாரிய தலையைப் பார்த்தான். கையில் தொப்பியைப் பார்த்தான். காலியான மூன்று பாத்திரங்களையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயா," என்றான், "இது சாப்பாட்டுக் கடை. சாப்பாடு மட்டும்."

இசபெலினோவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. எழுந்து ஓடவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. மனுஷன் ஏதாவது ஒன்றைச் செய்துதானே ஆகவேண்டும். "அப்ப இன்னொரு தட்டு பீன்ஸ் குடுங்க," என்றார்.

ஜுரேமா பீன்ஸை எடுத்து வைத்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி எபெரிடம் கேட்டாள்: "மட்டும்னா?"

எபெர் சொன்னான். அடுப்பின் பக்கத்தில், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னான்.

5

அதற்கப்புறம் நடந்த சண்டையை மாடியிலிருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. தரை பலகை போட்டது, அவ்வளவுதான்.

எபெர் பேசியது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. "மாத்திடலாம்" என்பது கேட்டது. "'ஜுரேமா கடை'ன்னு எழுதிக்கலாம், அழகா இருக்கும்" என்பது கேட்டது. ஜுரேமா சத்தம் போடவில்லை. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எங்க ஆளுங்க ஓடிவந்து ஒளிஞ்ச எடம் அது. நீங்க அதை எடுத்து வேசி வீட்டுக்கு வச்சீங்க. அப்பறம் வேசி வீட்டையும் விட்டுட்டு, கழுவாத பாத்திரத்துக்கு வச்சீங்க. இப்ப எங்கிட்ட வந்து, உன் பேரு அழுக்கா இருக்கு, மாத்துங்கற."

"நான் வைக்கலையே, ஜுரேமா."

"நீ சொல்லக்கூட இல்லியே."

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். சொற்கள் கைமாறும்போது அவற்றின் மானமும் என்று ஆரம்பித்து

விட்டுவிட்டேன். அவள் சொன்னதற்கு மேலே நான் சொல்ல என்ன இருக்கிறது. எனக்கு ஞாபகம் வந்தது எல்லாம் நம்மூரில் தெருமுனையில் இரண்டு பேர் வரிசையைக் குலைத்தால்கூட, "என்ன கூத்துடா இது" என்கிறோமே, அதுதான். ராத்திரி பூரா முகத்தில் அரிதாரம் போட்டு, விரதம் இருந்து ஆடுகிற ஒருவன் காதில் அது எப்படி விழும் என்று யாரும் அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் ஜுரேமா ஒரு பையை எடுத்துக்கொண்டு பூங்காவைத் தாண்டி பிட்டாங்காவுக்குப் போய்விட்டாள். கடை பூட்டிக் கிடந்தது. சிவப்புப் பலகை மட்டும் மேலே இருந்தது. எபெர் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினான். ஏறவில்லை. ஏணி அப்படியே நின்றது. மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தவர்கள் எல்லாம், "என்னப்பா, ஒரே கிலோம்போவா இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் நெலிதா மாடிப்படியின் கீழே வந்து நின்று, உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டது. பிணம் என்று நான் சொன்னதும் உள்ளே போனவள், சாயங்காலம் திரும்ப வந்தாள். கருநீலக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற கோட்டு.

"நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமா."

"என்கூட வா. அந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் எனக்குத் தெரியாது."

6

பிட்டாங்காவின் வாசலில் ஒரு பலகை உண்டு. ஊர்ப் பெயரும், கீழே கிலோம்பு என்பதும் பச்சை எழுத்தில். நெலிதா பஸ்ஸிலிருந்து இறங்கி அதன் முன்னால் நின்றாள். கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டாள். வெயில் நன்றாகவே அடித்தது.

ஒர்லாண்டா தன் வீட்டு அடுக்களையில் இருந்தாள். மேசை மேல் காய்ந்த பீன்ஸ் காய் குவித்திருந்தது. அம்மாவும் மகளுமாக உரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாளைப் பார்த்து ஒர்லாண்டா எழுந்து கையைத் துடைத்தாள்.

"வாங்க, தோனா நெலிதா. எங்க கிலோம்புக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" (தோனா என்பது அந்தப் பக்கத்து மரியாதை, நம்மூர் 'அம்மா' மாதிரி.)

நெலிதா உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு முக்காலி போட்டார்கள். ஜுரேமா தலை நிமிரவில்லை.

"பலகைய எறக்கச் சொல்லத்தானே வந்தீங்க," என்றாள்.

"இல்ல மகளே. ஏன் நான் கொல்லை வழியாப் போறேன்னு சொல்ல வந்தேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன். [மூன்று தடவை எழுதினேன். இரண்டு தடவை நான் குறுக்கே புகுந்து அழகுபடுத்திவிட்டேன். இது மூன்றாவது.]

"எங்கம்மா பேரு எல்விரா. தெக்க ஒரு பண்ணையில வேலைக்காரி. பண்ணைக்காரன் தம்பி ஒருத்தன் இருந்தான். அவன் என்ன பண்ணினான்னு நான் சொல்லத் தேவையில்ல. எங்கம்மா ஓடிவந்துட்டா. ரயிலடிக்குப் பின்னாடி ஒரு வீடு இருந்துச்சு. அங்க சேத்துக்கிட்டாங்க. நான் அங்கதான் பொறந்தேன். ஆளுங்க வந்தா என்னை மேசைக்கு அடியில படுக்கவச்சிருவாங்க. நான் அங்கேருந்து பூட்ஸைத்தான் பாப்பேன். இன்னிக்கும் ஒருத்தரோட பூட்ஸைப் பாத்தா எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லிருவேன்."

ஜுரேமா உரிப்பதை நிறுத்தினாள்.

"அப்பறம் ரயில்வேயில வேலை பாத்த ஒரு மனுஷன் எங்கம்மாவைக் கட்டிக்கிட்டாரு. என்னைப் பள்ளிக்கூடத்துல போட்டாங்க. கிளாஸ்ல சத்தம் ஜாஸ்தியானா டீச்சர் மேசையத் தட்டி, என்ன இது, அதுவா இதுன்னு கேப்பாங்க. அந்த வார்த்தையச் சொல்லி. அவங்க சாதாரணமாத்தான் கேட்டாங்க, இந்த ஊர்ல எல்லாரும் கேக்கற மாதிரி. ஆனா கிளாஸே திரும்பி என்னைப் பாக்கும்." அவள் கோட்டின் பொத்தானைத் திருகினாள். "அன்னிலேருந்து அது என் வாயில வரல. எபெருக்குக்கூட இதெல்லாம் தெரியாது."

ஒர்லாண்டா பீன்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்கம்மா ஓடித்தானே வந்தாங்க?"

"ஆமா."

"தேடிக்கிட்டு ஆளுங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. குதிரையில."

"அந்த வீட்டுக்காரி புடிச்சுக் குடுத்தாளா?"

"குடுக்கல. வாசல்ல கொதிக்கிற தண்ணியோட நின்னாளாம். அப்படி யாரும் இங்க இல்லைன்னாளாம்."

"அப்ப என்ன," என்றாள் ஒர்லாண்டா. "அதுவும் கிலோம்புதான்."

வாசகரே, கதையை நான் இங்கே முடித்துவிடத்தான் ஆசைப்பட்டேன். இதைவிட நல்ல முடிவு எனக்குக் கிடைக்காது. ஓர் அம்மா தன் ஊர்ப் பெயரை இன்னோர் அம்மாவின் காயத்தின் மேல் கட்டிவிடுகிறாள். மூன்று அர்த்தங்களும் ஒரே அடுக்களையில் சமாதானமாகிவிடுகின்றன. மனசுக்குள் முற்றுப்புள்ளிகூட வைத்துவிட்டேன்.

நெலிதா வைக்க விடவில்லை.

"இல்லைங்க," என்றாள். "அப்படிச் சொல்லாதீங்க. அவ குடுக்கல, சரி. ஏன் குடுப்பா? அவளுக்கு ஆள் வேணும். உங்க ஆளுங்க ஓடிவந்து தங்களுக்குன்னு இருந்தாங்க. எங்கம்மா ஓடிவந்து இன்னொருத்தி கையில மாட்டுனா. அங்கேருந்து வெளிய வர அவளுக்கு வருஷக்கணக்காச்சு. அதை அழகாக்கி எனக்குக் குடுக்காதீங்க."

ஒர்லாண்டா முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளை முழுசாகப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "நான் சொன்னது தப்பு." பிறகு, "இங்கயும் ஓடிவந்தவங்க எல்லாரும் நல்லவங்களா இருந்துடல, தோனா நெலிதா. பொண்ணுங்க பட்ட பாடு இங்கயும் உண்டு. சங்கக் கூட்டத்துல நாங்க அதைச் சொல்றதில்ல."

ஒரு காலிக் கிண்ணத்தை நெலிதா முன்னால் நகர்த்திவைத்தாள். நெலிதா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மூவரும் உரித்தார்கள். எனக்கும் ஒரு குவியல் தள்ளப்பட்டது. நான் உரித்ததில் பாதி தரையில் சிதறியது. "இந்து பண்ற—" என்று ரிவேராப் பழக்கத்தில் ஆரம்பித்த ஜுரேமா, நெலிதாவைப் பார்த்துவிட்டு, "சிக்கல்" என்று முடித்தாள்.

அதன் பிறகு ஜுரேமாவே பேச்சை எடுத்தாள்.

"பலகைய எறக்கிடறேன்."

"எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான்."

"வேண்டாம்," என்றாள் நெலிதா. "எனக்காக நீ ஒன்னை எறக்கினா, ஆயுசுக்கும் நான் உனக்கு நன்றியோட இருக்கணும். எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"அப்ப இருக்கட்டுமா?"

"அதையும் எங்கிட்ட கேக்காத. உங்கம்மா குழியில உக்காரும்போது யார்கிட்டயாவது கேட்டாங்களா?"

ஒர்லாண்டா சிரித்தாள். "நான் யாரையும் கேக்கல. இவங்கப்பா வேண்டாம்னாரு. நான்தான் காதுல போட்டுக்கல."

சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் திரும்பினோம். ஜுரேமா மடியில் பீன்ஸ் மூட்டை. பூங்காவைத் தாண்டும்போது நெலிதா, "அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். எபெரிடம் அவள் என்ன சொன்னாள், அவன் என்ன கேட்டான் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தரைப் பலகை வழியாகப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் வந்தது.

7

முடிவுகள்.

முதலாவது: எபெர் ஏணியில் ஏறிப் பலகையை வெள்ளையடிக்கிறான். புதுப் பெயர், பச்சை எழுத்து. கடை நன்றாக நடக்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. எழுதி முடித்ததும் யாரோ செத்துப்போனதுபோல இருந்தது. கிழித்தேன்.

இரண்டாவது: கூட்டம் அலைமோதுகிற ஒரு சனிக்கிழமை. சட்டி கவிழ்ந்து பீன்ஸ் ஓடுகிறது. நெலிதா வாசலில் நின்று, வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிச் சிரிக்கிறாள். எல்லோர் கண்ணிலும் நீர். இதை நன்றாகவே எழுதியிருந்தேன். ஜுரேமாவிடம் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். "அழகா இருக்கு," என்றாள். "நடக்கல." அப்புறம், "எஞ்சட்டி எப்ப கவுந்துச்சு?" என்றாள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது நடந்தது.

மறுநாள் ஜுரேமா கடையைத் திறந்தாள். பலகை அப்படியே சிவப்பாக மேலே இருந்தது. எபெர் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். அடுப்பு மூட்டுகிற நேரத்தில் தெருப்பக்கத்து ஜன்னல் கதவு திறந்துகொண்டது. பிறகு நெலிதா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். பலகைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். வெந்நீர்க் குடுவையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கோப்பையில் மாத்தே என்கிற கசப்புத் தேயிலையைப் போட்டு, குழலால் உறிஞ்ச ஆரம்பித்தாள். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் யாராலும் முடியவில்லை.

தலையை வாரிக்கொண்டு யாராவது வந்து தயங்கி நின்றால், முதலில் அவர்களுடைய பூட்ஸைப் பார்ப்பாள். பிறகு கேட்பாள்.

"பலகையப் படிச்சியா?"

"படிச்சேன்."

"என்ன நெனச்சு வந்தே?"

அவள் கேட்கிற விதத்தில் பொய் சொல்ல வராது. பாதிப் பேர் தொப்பியைத் தேடிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் அங்கேயே நிற்பார்கள். அவர்களிடம், "அது இல்ல. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், இது அது இல்ல. சாப்பாடு நல்லா இருக்கும், உள்ள போய் உக்காரு," என்பாள். பெரும்பாலும் உட்காருகிறார்கள். களேபரம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம், "உள்ள போய்ப் பாரு, ஒரு கரண்டி எடம் மாறி இருக்கான்னு," என்பாள். ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பலகையைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்து வந்தார்கள். "என்ன நெனச்சு வந்தீங்க?" என்றாள். "எங்க ஊருன்னு நெனச்சோம்," என்றார் குடும்பத் தலைவர். நெலிதா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள்.

இசபெலினோ வாரம் தவறாமல் வருகிறார். அவரிடம் மட்டும் அவள் கேட்பதில்லை. அவருக்கே இன்னும் காது சிவக்கிறது.

அந்தச் சொல்லை அவள் இதுவரை சொல்லவில்லை. இனிச் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது; சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. இந்தக் கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், தெற்கே செல்லும் எந்த பஸ்ஸிலாவது ஏறி வாருங்கள். மத்தியானத்துக்கு முன்னால் வருவது நல்லது, பிறகு மாட்டுக்கால் தீர்ந்துவிடும். நான் மாடியில் இருப்பேன், ஆனால் உதவிக்குக் கூப்பிட வேண்டாம். நான் இங்கே எழுதியதை அப்படியே ஒப்பிக்கவும் வேண்டாம். ஒப்பிக்கிறவர்களை அவளுக்கு ஆகாது. அவள் உங்கள் செருப்பைப் பார்ப்பாள். மாத்தேயை ஓர் இழுப்பு இழுப்பாள். உங்களுக்குப் பின்னால் பசியோடு நாலு பேர் நிற்பார்கள். அவள் அவசரப்பட மாட்டாள்.

"சொல்லு," என்பாள். "என்ன நெனச்சு வந்தே?"